லோங்வே வீட்டு நீல மீன்

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: லும்பானி லோங்வே, அவன் மனைவி லுசுங்கு, இறந்துபோன அண்ணன் கோமெஸ்கானியின் மனைவி திவோங்கே, மீன் கொண்டுவந்த செக்கானாவோ. வேறு யாரும் இல்லை.

"கதவைத் திறந்தா ஏரி. அதுல இருக்கிற மீனைக் கண்ணாடிக்குள்ள போட்டுத்தான் பாக்கணுமாக்கும்," என்று செக்கானாவோ சிரித்தார். ஏரியில் முக்குளித்து வண்ண மீன் பிடிப்பவர் அவர்.

"தலைநகர் லிலோங்வேல எங்க அதிகாரி வீட்டுல வெச்சிருக்காங்கண்ணே. பெரிய மனுசன் வீடுன்னா அப்படித்தான்," என்றான் லும்பானி.

"பெரிய மனுசன் வீடுதான். கட்டினவன் பெரிய மனுசன்."

லும்பானி சிரிக்கவில்லை. வீட்டைக் கட்டியது கோமெஸ்கானி. அவனும் முக்குளித்தவன். படகில் ஓடும் இயந்திரம் குழாய் வழியே காற்று அனுப்ப, வாயில் அந்தக் குழாயைக் கவ்விக்கொண்டு பாறைகளுக்கு நடுவே மீன் பிடித்துச் சம்பாதித்தவன். அவன் மேலே வராமல் போன நாளில் படகில் இருந்தது லும்பானி மட்டும். இயந்திரம் தானாக நின்றுவிட்டது என்று சொன்னான். நிறுத்தியது அவன் கை. அடக்கம் முடிந்த மறுநாளே அண்ணியைப் பின்கட்டுச் சமையல் குடிசைக்கு அனுப்பினான். இறந்தவனுக்குத் தன் வீடு அடையாளம் தெரியக்கூடாது என்று கட்டிலையும் நாற்காலிகளையும் சுவர் மாற்றிப் போட்டான். வீடு இப்போது அவனுடையது. அதை யாரும் பிடுங்கக் கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"புதுசா வளக்கறவனுக்கு மஞ்சள் மீன்தான் தோது," என்றார் செக்கானாவோ, பையிலிருந்து மெல்ல மீன்களைத் தொட்டியில் இறக்கியபடி. "சாது. எல்லாம் ஒரே அளவாப் பாத்து எடுத்திருக்கேன். கொஞ்சம் நெருக்கமாவே இருக்கட்டும், அப்பத்தான் ஒண்ணையே குறி வெச்சுக் கடிக்காது. இறைச்சி கிறைச்சி போட்டுறாதே, வயிறு ஊதிச் செத்துரும். நீலப் பட்டைக்காரனை மட்டும் சேக்கவே சேக்காதே. ஒரு கல்லைப் பிடிச்சுட்டான்னா தொட்டியே அவனுது."

வாசற்படியில் நின்ற திவோங்கே உள்ளே வரவில்லை. மீன்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை லும்பானி தொட்டிக்கு அருகே போனபோது மஞ்சள் மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தன. நடுக்கல்லின் அடியிலிருந்து ஒரு நீல மீன் வெளியே வந்தது. கரும்பட்டைகள். அகன்ற நெற்றி. கண்ணாடிக்கு நேராக நின்று அது அவனைப் பார்த்தது.

"நான் போடலப்பா. சத்தியமா," என்றார் ஆளனுப்பியதும் வந்த செக்கானாவோ. குனிந்து பார்த்தார். "வால் ஓரத்துல ஆரஞ்சு இருக்கு பாரு. இந்தச் சாதி ஒரே ஒரு பாறையிலதான் உண்டு. உங்கண்ணன் கிடந்த பாறை."

"பிடிச்சுக் கொண்டுபோயிருங்கண்ணே."

வலையை விட்டார். மீன் கல்லுக்குள் போய்விட்டது. கல்லைத் தூக்கினால் அங்கே இல்லை. "ஒண்ணு பண்ணு. கல்லையெல்லாம் கலைச்சு மாத்தி வை. தன் இடம் எதுன்னு அவனுக்குத் தெரியக்கூடாது. புது ஆள் உள்ள வர்றப்ப அப்படித்தான் செய்வோம்." பிறகு சுவர் மாறிக் கிடந்த நாற்காலிகளை ஒருமுறை பார்த்தார். "உனக்கா சொல்லித் தரணும்?"

லும்பானி கற்களைக் கலைத்தான். விடிந்தபோது அவை வேறு விதமாக நின்றன: இரண்டு பெரிய கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவே ஓர் இடுக்கு. அந்த இடுக்கை அவன் அறிவான். அதற்குள்ளிருந்துதான் அண்ணனை இழுத்து எடுத்தார்கள். மறுபடி கலைத்தான். மறுபடி நின்றன. லுசுங்குவிடம் கேட்டான்.

"எனக்கு வேற வேலை இல்லையா? அந்த நாத்தத் தண்ணிக்குள்ள நான் ஏன் கை விடறேன்?" என்றாள் அவள். "நீங்கதான் தூக்கத்துல எந்திரிச்சுப் போறீங்க போல. காலையில உங்க சட்டைக்கையெல்லாம் ஈரம்."

அன்று சாயங்காலம் அவள் தேவாலயத்தில் பாட்டுப் பழகப் போயிருந்தாள். ஏரிக்கு மேலே மழை கறுத்துக்கொண்டு வந்தது. பின்கட்டிலிருந்து உசிப்பா கருவாடு வேகும் வாசனையும், மக்காச்சோளக் களி கிளறும் அகப்பை பானையில் இடிக்கும் சத்தமும், தகரக் கூரைமேல் மழைக்கு முந்திய காற்று மணலை வாரி இறைக்கும் சரசரப்பும் கலந்து வந்துகொண்டிருக்க, லும்பானி வரவேற்பறையில் தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். வழக்கம்போல மின்சாரம் போயிற்று. தொட்டி விளக்கு அணைந்தது. காற்றுப் பம்பின் உறுமல் அடங்கியது.

குமிழிகள் அடங்கவில்லை.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பம்பின் குமிழிகள் ஓயாமல் சலசலப்பவை. இவை அப்படி இல்லை. ஒரு கொத்து மேலே வந்து உடையும். பிறகு இடைவெளி. பிறகு இன்னொரு கொத்து. ஆழத்தில் இருப்பவன் நிதானமாக மூச்சு விடுவது அப்படித்தான் கேட்கும். படகில் உட்கார்ந்து வருடக்கணக்காகக் கேட்ட சத்தம் அது.

எழுந்து கதவுப் பக்கம் நடந்தான். முழங்காலில் நாற்காலி இடித்தது. அங்கே நாற்காலி கிடையாது. தடவினான். மேசை இந்தப் பக்கம். அலமாரி அந்தப் பக்கம். எல்லாம் அண்ணன் போட்டிருந்த இடத்தில்.

பெட்ரோல் புகை வாசனை. எங்கோ ஓர் இயந்திரம் ஓடியது. தொலைவில். பிறகு பக்கத்தில். பிறகு அவன் விலா எலும்புக்குள்.

நீல மீன் கண்ணாடியோடு ஒட்டி நின்றது. வெளிச்சமே இல்லை. ஆனால் தெரிந்தது. வாய் திறந்தது. மூடியது.

இயந்திரம் இருமியது.

"வேண்டாம்," என்றான் லும்பானி.

நின்றது.

குமிழி இல்லை. சத்தம் இல்லை. மூச்சை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். குளிர்ந்தது. மணல் நெறுநெறுத்தது. பல்லில்.

பின்கதவு திறந்து அரிக்கன் விளக்கோடு திவோங்கே வந்தாள். அவன் அவளை நோக்கிக் கை நீட்டினான். விளக்கை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பொறு தம்பி," என்றாள். "அவர் எவ்வளவு நேரம் பொறுத்தார்னு உனக்குத்தான் தெரியும். அந்த நேரம் ஆகட்டும்."

மழை வந்தது. லுசுங்கு நனைந்துகொண்டு திரும்பியபோது அவன் மூச்சில்லாமல் தரையில் கிடந்தான். அவனைப் புரட்டியதும் வாயிலிருந்து ஏரித் தண்ணீர் ஓடியது, நின்றபாடில்லை. அதுவரை தரை காய்ந்திருந்தது. தொட்டி ததும்பத் ததும்ப நிறைந்திருந்தது. அதில் மஞ்சள் மீன்கள் பயமில்லாமல் நடுவே நீந்திக்கொண்டிருந்தன. மேல் மூலையில் இன்னொரு நீல மீன், சின்னது, துடுப்பெல்லாம் கிழிந்து, வாயை நீர்மட்டத்துக்கு நீட்டிக் காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. கல்லிடுக்கிலிருந்து பெரியது வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. ஒரு கடி. திரும்பிப் போயிற்று.

லுசுங்கு தாய்வீடு போய்விட்டாள். திவோங்கே குடிசையை விட்டு வீட்டுக்குள் தன் பழைய அறைக்குத் திரும்பினாள்.

அவள் மனம் இளகி இரண்டு நீல மீன்களையும் ஏரியில் விட்டுவிட்டதாகப் படகுத்துறையில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். தொட்டி அங்கேதான் இருக்கிறது. தினமும் அவள் கையால்தான் தீனி போடுகிறாள். சின்னது செத்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறாள்.