நம் சுவர், நம் ஒப்புதல்

சுவரில் ஓட்டை விழுந்தால் வெண்குடி மக்கள் முதலில் விண்ணப்பம் எழுதுவார்கள். பிறகுதான் ஓட்டையைப் பார்க்கப் போவார்கள். வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ நிலவில், பனியைக் குடைந்து கட்டிய ஊர் அது. சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஆனால் சுவர் பூமிக்குச் சொந்தம் என்பது சட்டம். அதில் ஓர் ஒட்டுத்தகடு வைப்பதற்கும் பூமியின் ஒப்புதல் வேண்டும். ஒளியின் வேகத்தில் விண்ணப்பம் போய்ச்சேர நாற்பத்து மூன்று நிமிடம், பதில் திரும்ப நாற்பத்து மூன்று நிமிடம். அதுவரை கசிவுமணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்திலேயே பிள்ளைகளைத் தூங்கவைக்கத் தாய்மார்கள் பழகியிருந்தார்கள்.

இசக்கியம்மாள் அங்கே சுவர் பழுது பார்ப்பவள். அவளுடைய முன்னோர் தாமிரபரணிக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள். ஐந்து தலைமுறை ஆகியும் அந்தப் பேச்சு மட்டும் அவள் வாயை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் காலை அவள் பள்ளிக்கூடத்தில் வேலையாக இருந்தபோது குண்டூசித் தலையளவு ஓட்டை விழுந்தது. கசிவு என்றால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே முப்பது பிள்ளைகள். தகடு கையில்தான் இருந்தது. கேட்காமல் ஒட்டினால் வேலை போகும், காற்றுப் பங்கு பாதியாகும். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு வலது உள்ளங்கையை ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டாள். எண்பத்தாறு நிமிடம் நின்றாள். கை கன்றி நாவற்பழ நிறமானது. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபடியே வலியைப் பொறுத்தாள்.

பதில் வந்தது. தகட்டின் நிறம் குறிப்பிடப்படவில்லை, மீண்டும் விண்ணப்பிக்கவும்.

இசக்கியம்மாள் அதை இருமுறை படித்தாள். பிறகு தகட்டை எடுத்து ஒட்டினாள்.

அவளைக் கைதுசெய்ய உத்தரவு வந்தது. அதை நிறைவேற்ற வேண்டியவர் ஊரின் ஒப்புதல் எழுத்தர் பரிசுத்தம். நிழலைக் கண்டாலும் எழுந்து நிற்கும் மனிதர். அவர் உத்தரவோடு சந்தைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துவிட்டு, அதைக் கிழித்துப்போட்டார். தன் வாழ்நாளில் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுதான் என்று பின்னாளில் சொன்னார். அன்று மாலைக்குள் ஊரில் நிலுவையில் இருந்த இருநூறு ஓட்டைகளையும் மக்களே அடைத்தார்கள். ‘நம் சுவர், நம் ஒப்புதல்’ என்று தகடுகளின் மேல் எழுதிவைத்தார்கள்.

பூமி மருந்தை நிறுத்தியது. வெண்குடி பூமிக்குப் பனி அனுப்புவதை நிறுத்தியது. நான்கு ஆண்டு இழுபறிக்குப் பிறகு போர்க்கப்பல் வந்து இறங்கியது. ஊர் நடுங்கிப்போனது. பரிசுத்தம் மட்டும் யோசித்தார்.

“அக்கா, அவுக துப்பாக்கி சுடணும்னாலும் பூமியிலதான் ஒப்புதல் கேக்கணும்,” என்றார் இசக்கியம்மாளிடம். “படிவம் நான் அடிச்சதுதான். எண்பத்தாறு நிமிசம் நமக்கு இருக்கு.”

சுவர் அடைக்கும் உறைபசையோடு ஊரே கிளம்பியது. கப்பலின் பீரங்கி வாய், கதவு, சக்கரம் எதையும் விடவில்லை. வீரர்கள் துப்பாக்கியை நீட்டியபடி பதிலுக்குக் காத்து நின்றார்கள். பதில் வந்தபோது சுடக்கூடிய பீரங்கி ஒன்றுதான் மிச்சம். அது ஒன்பது பேரைக் கொன்றது. பத்தாவது ஆளாகப் போய் அதன் வாயையும் அடைத்தவள் இசக்கியம்மாள்.

மனித குலத்தின் மாபெரும் பேரரசை வெறும் பசையால் தோற்கடித்த ஊர் வெண்குடி. இதைச் சொல்லும்போது யாருக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்யும். சுதந்திரக் கொடியில் இசக்கியம்மாளின் கன்றிய வலது உள்ளங்கையைப் பொறித்தார்கள். அந்த ஒன்பது பேரின் நினைவாக முதல் சட்டம் எழுதினார்கள். இனி நம் ஒப்புதல் இல்லாமல் எவனும் நம் சுவரைத் தொடக்கூடாது. அதை வாசித்தபோது இசக்கியம்மாள் அழுதேவிட்டாள்.

சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டு விழா நாள். கொண்டாட்டத்தில் பாடப்போகும் பிள்ளைகளை அழைத்துப்போக அவள் அதே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். புதுப்புடவை கட்டியிருந்தாலும் கருவிப்பை தோளில்தான் கிடந்தது. கசிவுமணி அடித்தது. கதவு பூட்டிக்கொண்டது. பழைய ஓட்டைக்கு ஒரு சாண் தள்ளிப் புது ஓட்டை. உள்ளே நாற்பது பிள்ளைகள்.

அவள் தகட்டை எடுத்தாள். அதன் மேல் பொறித்திருந்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ஒப்புதல் அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது என்று விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, வலது உள்ளங்கையை ஓட்டையில் அழுத்தியபடி பேசியை எடுத்தாள். பரிசுத்தம் இப்போது சுவர்த் துறைக்கே இயக்குநர். குரலில் மரியாதை வழிந்தது.

“விண்ணப்பம் வந்துட்டு அக்கா. நிறம்கூட எழுதியிருக்கீக. முத்திரை ஒண்ணுதான் பாக்கி.”

“வச்சு அனுப்புமய்யா. கை வலிக்கி.”

“முத்திரைய மாலை போட விழா மேடைக்குக் கொண்டுபோயிட்டாவ. விழா முடிஞ்சாத்தான் வரும்.”

தானே ஒட்டிவிடட்டுமா என்று அவள் கேட்டாள். பரிசுத்தம் பதறிப்போனார்.

“பூமிக்காரன் சட்டத்த மீறுனோம், அது வீரம். இது நம்ம சட்டம்லா. நீங்களே மீறுனா வேற யாரு மதிப்பா?”

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. பெருமையாகக்கூட இருந்தது. விழா எப்போது முடியும் என்று கேட்டாள்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லக்கா. தலைமை விருந்தாளி வரலன்னு ஊரே காத்துக்கிட்டு இருக்கு.”

“யாரு தலைமை விருந்தாளி?”

“நீங்கதான்.”

பிள்ளைகள் விழாப் பாட்டைத் தாங்களாகவே பாடத் தொடங்கியிருந்தார்கள். அந்த வலது கை இப்போது நாட்டின் சின்னம். அதற்கு ஏதும் ஆகிவிடக்கூடாது என்று, இசக்கியம்மாள் ஓட்டையின் மேல் இடது கையை மாற்றி வைத்துக்கொண்டாள்.