அண்ணன் என்று ஒரு பொய்

"ஏங்க... எந்திரிங்க! என் குடை மேல உக்காந்திருக்கிய!"

நாசரேத் பஸ் நிலையத்தில், ஜன்னல் வழியாகக் குடையைப் போட்டு இடம்பிடித்துவிட்டு, கூட்டத்தில் முண்டியடித்து ஏறி வந்தவள் எப்சிபாய். அவள் இடத்தில் ஒட்ட முடிவெட்டிய ஒருவன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

"குடையா? சீட்டுதான் குத்துதுன்னு நெனச்சேன்..." எழுந்து எடுத்துக் கொடுத்தான். கம்பி ஒன்று வளைந்திருந்தது.

"பட்டாளத்துக்காரன் உக்காந்தா இப்படித்தான். குடுங்க, நிமித்தித் தாரேன்."

"நீங்க நிமித்துன வரைக்கும் போதும்!"

அவன் சிரித்தான். கண்ணும் சேர்ந்து சிரித்தது... சண்டைக்கென்று வந்தவள் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆழ்வார்திருநகரி தாண்டும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. நின்றபடியே அவன் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டான். ஸ்ரீவைகுண்டத்தில் பக்கத்து ஆள் இறங்கியதும், "உக்காருங்க" என்று சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியம்.

அவன் பெயர் கிருபைராஜ். கார்கிலில் சண்டை மூண்டுவிட்டது, லீவு ரத்து. திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறப் போகிறான்.

"வழியனுப்ப வீட்ல யாரும் வரலியா?"

"வீடு இருந்தாத்தானே... நான் நாசரேத் அநாதை விடுதியில வளந்தவன். நீங்க?"

"அம்மா கல்லறைக்கு வந்தேன். அவ்வளவுதான் எனக்கு ஊரு." அவள் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், அங்கே பெண்கள் விடுதிக்கு வார்டனும் அவள்தான். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். வரிசையாகக் காலிக் கட்டில்கள்... போக இடமில்லாதவள் அவள் ஒருத்திதான். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

பாளையங்கோட்டை வந்துவிட்டது. அவள் எழுந்தாள்.

"எந்த சபை நீங்க?" என்று கேட்டான். சொன்னாள். "என்கூட இருக்கவனுக்கெல்லாம் ஊர்ச் சபையே ஜெபிக்குது. என் பேரச் சொல்லத்தான் ஆளில்ல... நீங்க சொல்லுவியளா?"

தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் போன பிறகும் மழையில் நின்றாள். குடையை விரிக்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், விண்ணப்பம் இருந்தால் சொல்லலாம் என்றார் குருவானவர். எப்சிபாய் எழுந்தாள். "கிருபைராஜுன்னு... பட்டாளத்துல இருக்காவ..."

பெண்கள் வரிசை மொத்தமும் திரும்பியது. பெண்கள் சங்கத் தலைவி பாக்கியத்தாய் அம்மாள் சும்மா இருப்பாளா? "யாரு டீச்சர், சொந்தமா?"

கல்யாணமாகாத பெண் யாரோ ஒருவனுக்காக எப்படி ஜெபம் கேட்பது? "அண்ணன்" என்று வாயில் வந்துவிட்டது.

அவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் "எப்சிபாய் டீச்சரின் அண்ணனுக்காக" சபையே முழங்காலிட்டது. டிவியில் தேசியக் கொடி போர்த்திய பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வாள். கர்த்தர் வீட்டிலேயே பொய் சொன்னோமே, அந்தத் தண்டனை அவன் தலையில் விடிந்துவிடுமோ... யாரிடம் சொல்லி அழ?

சண்டை முடிந்தது. தகவல் ஒன்றும் இல்லை. வைகாசியில் பார்த்த முகம் ஆவணியில் கூடக் கண்ணுக்குள் நின்றது.

ஒரு ஞாயிறு, முதல் பாட்டு முடியும்போது வாசலில் கைத்தடிச் சத்தம். அவன்தான்! காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்தான். அவள் கண் நிறைந்து பாட்டுப்புத்தகம் மங்கிப் போனது.

பெற்ற நன்மைக்கு ஸ்தோத்திரம் சொல்லும் நேரத்தில் எழுந்து, "என் பேரு கிருபைராஜ்..." என்றான். மேலே பேச விட்டால்தானே!

"நம்ம டீச்சரோட அண்ணன்!" பாக்கியத்தாய் அம்மாள் எழுந்தே விட்டாள். "தம்பி, ஒமக்குப் பொண்ணு கூடப் பாத்து வச்சிருக்கேன்!"

சபை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. எப்சிபாயை ஒரு தடவை பார்த்தான்... "தங்கச்சியா? ரொம்ப சந்தோசம்மா" என்றான் மெதுவாக. வணக்கம் சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினான்.

போகிறானே! இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சும். காலிக் கட்டில்களும் மிஞ்சும்.

"ஐயா!" எழுந்துவிட்டாள். "அவிய எனக்கு அண்ணன் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

கைத்தடிச் சத்தம் நின்றது.

"அப்ப யாரும்மா?" என்றார் குருவானவர்.

"யாரும் இல்லய்யா... பஸ்ல ஒரு தடவ பாத்தேன். ஆனா அவியள நெனைக்காம ஒரு நாளும் ஜெபிச்சதில்ல. அவிய போயிட்டா எனக்கு இனிமே யாருமே இல்ல..." சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவன் வாசலிலிருந்து திரும்பி வந்தான். பெண்கள் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஐயா... எனக்குப் பொண்ணு கெடச்சிட்டுன்னு அந்த அம்மாட்ட சொல்லிருங்க."