குறுக்கே நிற்பது

ரவுட்டருக்கும் அவளுடைய மேஜைக்கும் நடுவே பன்னிரண்டு அடிகூட இருக்காது. இடையில் சுவர் இல்லை, பீரோ இல்லை, திறந்த கதவும் வெறும் தரையும்தான். இருந்தும் அன்று காலை பத்தரைக்குள் மூன்றாவது தடவையாக டேப்லெட்டின் மூலையில் இருந்த வைஃபை கோடுகள் நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஒன்று என்று நிதானமாகக் குறைந்தன. பிறகு திரையின் நட்டநடுவில் அந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

அந்தச் சக்கரத்தைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் காது கேளாதவர்களுக்கான சைகை மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனையில் டாக்டர் பேசுவதை வீட்டிலிருந்தே கேட்டு, திரையில் தெரியும் நோயாளிக்குக் கைகளால் சொல்வாள். நோயாளியின் கைகள் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வாள். பதினோரு வருட வேலை. நேற்று ஒரு பெண்ணிடம் டாக்டர், "கட்டியை எடுத்தாச்சு, ஆனா" என்று சொன்ன இடத்தில் சக்கரம் வந்துவிட்டது. அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று தெரியாமல் அந்தப் பெண் ஒன்பது நிமிஷம் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். சாயங்காலம் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் மருத்துவமனை வேலையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். ஆபீஸ் கொடுத்த டேப்லெட்டைத் தவிர வேறு எதிலும் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதும் அவர்கள் சட்டம்தான்.

வாடிக்கையாளர் சேவையில் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. அணைத்துப் போட்டாள். நெட்வொர்க்கை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தாள். கடவுச்சொல்லை மாற்றினாள். ரவுட்டரின் அலைவரிசையை மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் புதுக்குரல் ஒன்று முதலிலிருந்து ஆரம்பித்து, ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டது. வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டால், உன் கோபத்துக்குப் பயந்துதான் சிக்னல் ஓடுகிறது அக்கா என்று சிரித்தான். பேச்சின் நடுவிலேயே போனை வைத்துவிட்டாள்.

லைன் போட்ட கம்பெனியிலிருந்து ஆள் வந்தபோது பதினொன்றேகால் ஆகியிருந்தது. நாற்பது வயதிருக்கும், தோளில் கருவிப் பை. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் மூன்று வார ஆத்திரத்தையும் கொட்டித் தீர்த்தாள். அவர் பையைத் தரையில் வைத்தார். தன் போனில் ஒரு செயலியைத் திறந்தார். சிக்னலின் பலத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று அது எண்ணாகக் காட்டும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். ஹாலில் தொண்ணூற்றாறு. சமையலறையில் தொண்ணூற்றொன்று. குளியலறையில்கூட எண்பது. மேஜைக்கு வந்தார். பதினொன்று.

ஓரடி இடப்பக்கம் நகர்ந்தார். தொண்ணூற்று மூன்று. மறுபடி பழைய இடம். பதினொன்று.

"உங்க டேப்ல ஒண்ணும் இல்ல மேடம். என் போனுக்கும் இங்க கிடைக்க மாட்டேங்குது. நடுவுல ஏதோ மறைக்குது."

"என்ன மறைக்குது? காத்தா?"

"தண்ணி மறைக்கும். மீன் தொட்டி, தண்ணி டேங்க் இருந்தா அந்தாண்ட சிக்னல் போகாது. ஆள் குறுக்க நின்னாலும் அப்படித்தான். உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானே."

சொல்லிவிட்டு, ரவுட்டர் இருக்கும் திசையில் போனை நீட்டியபடி மெதுவாக நடந்தார். அறையின் வாசற்படியில் நின்றார். எண் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகம்தான் தெரிந்தது. வெறும் இடத்தில் கையை முழங்கை வரை நீட்டினார், சடக்கென்று இழுத்துக்கொண்டார், அந்தக் கையைப் பேன்ட்டில் இரண்டு தடவை துடைத்தார். பத்தே நிமிஷத்தில் ரவுட்டரைக் கழற்றிப் புதிதை மாட்டினார், கையெழுத்துக்கூட வாங்காமல் வெளிவாசலுக்குப் போனார். அங்கே நின்று, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் ஒருத்திதான், ஏன் என்றாள்.

"அந்த ரூம்ல உக்காராதீங்க மேடம். அவ்வளவுதான் சொல்லுவேன்."

வாடகை கொடுப்பது நான், எங்கே உட்காரணும் என்று நீங்கள் என்ன சொல்வது என்று அவள் கத்தியபோது அவர் ஒரு மாடி இறங்கியிருந்தார்.

புது ரவுட்டர் போட்டும் மேஜையில் ஒரு கோடுதான் காட்டியது. அவள் அதே செயலியைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். பயத்தில் அல்ல. வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு ஓடிப்போன ஒருவனைப் பற்றிப் புகார் எழுத வேண்டும், அதற்கு எண்கள் வேண்டும். ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். ஹாலில் வெயில் தரைவரை விழுந்திருந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அங்கே மட்டும் ஒரு வாசனை, பல நாள் மூடிக்கிடந்த ஈரத்துணியை விரித்ததுபோல. குழாய் எங்கோ ஒழுகுகிறது, வீட்டுக்காரரிடம் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து இடமிருந்து வலமாக நகர்த்தினாள். தொண்ணூறு, தொண்ணூறு, ஆறு, ஐந்து, ஆறு, தொண்ணூறு. மறைப்பின் அகலம் ஒன்றரை அடி. காகிதத்தில் குறித்தாள். நாற்காலியைப் போட்டு ஏறினாள். தலைக்கு மேலே தொண்ணூற்று நான்கு. கையை இறக்க இறக்க, அவளுடைய உயரத்துக்கு நாலு விரல்கடை மேலே எண் விழுந்தது. அந்த இடத்தில் அகலம் ஒரு சாண்தான். கொஞ்சம் கீழே இன்னும் குறுகியது. அதற்குக் கீழே விரிந்தது.

குறித்தாள்.

குனிந்து முழங்கால் உயரத்தில் நகர்த்தினாள். தொண்ணூறு. பன்னிரண்டு. தொண்ணூறு. பன்னிரண்டு. தொண்ணூறு. இரண்டு இடத்தில் விழுந்தது. நடுவே ஒரு இடைவெளி.

அவள் குந்திய நிலையிலேயே இருந்தாள். காகிதத்தைப் பார்த்தாள். புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அசையாமல் பிடித்திருந்த போனில் எண் மாறியது. பன்னிரண்டு, நாற்பது, தொண்ணூறு. அந்தக் கால்களில் ஒன்று நகர்ந்துவிட்டது.

மூன்று மணிக்கு ஒரு அழைப்பு இருந்தது. ஓய்வுபெற்ற தையல்காரர், பிறவியிலேயே காது கேளாதவர். நான்கு வாரமாக அவருக்கு அவள்தான் மொழிபெயர்க்கிறாள், இன்றைக்குப் பரிசோதனை முடிவு. வேறு ஆளைக் கேட்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். மேற்பார்வையாளரிடம் என்ன சொல்வது? யாரோ குறுக்கே நிற்கிறார்கள் என்றா? அந்த நினைப்பே அவளுக்கு மறுபடியும் ஆத்திரத்தை மூட்டியது. பயத்தைவிட அது பரவாயில்லை. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. எதிரே அடுப்பு மேடை, அதன்மேல் டேப்லெட், அதற்கப்பால் ஹாலும் ரவுட்டரும். எது வந்தாலும் கண்ணுக்கு முன்னால்தான் வர வேண்டும்.

நான்கு கோடுகள். தையல்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், இன்றைக்கு முகம் சரியில்லையே என்று கைகளால் கேட்டார். வெயில் என்றாள். டாக்டர் ஆரம்பித்தார். இருதய வால்வு நன்றாக வேலை செய்கிறது, வீக்கம் குறைந்திருக்கிறது. அவளுடைய கைகள் பின்தொடர்ந்தன. பக்கத்தில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

உறுமல் நின்றது.

ஈரத்துணி வாசனை ஹாலிலிருந்து வந்தது. நான்கு கோடு. மூன்று. தையல்காரரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. இரண்டு. டாக்டரின் குரல் துண்டு துண்டாக, "நாளைக்கு... ஆனா..." ஒன்று. அவளுக்குள் நேற்றைய பெண்ணின் ஒன்பது நிமிஷமும் மூன்று வாரமும் பதினோரு வருடமும் ஒன்றாகக் கொதித்து மேலே வந்தன. எதிரே இருந்த வெறும் காற்றைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"தள்ளி நில்லு."

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

"உங்கள இல்ல டாக்டர்."

கோடுகள் ஏறின. இரண்டு, மூன்று, நான்கு. படம் இதுவரை இல்லாத தெளிவில் வந்து நின்றது. தையல்காரரின் சட்டைக் காலரில் பிரிந்திருந்த நூல்கூடத் தெரிந்தது. சொன்னால் கேட்கிறதே என்று அவளுக்கு ஒரு நொடி வெற்றிபோல இருந்தது. தள்ளித்தான் போயிருக்கிறது. எந்தப் பக்கம் போனது என்று அவள் யோசிக்கவில்லை.

டாக்டர், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம், ஆனால் மாத்திரையை விடக் கூடாது என்றார். அவள் அதைக் கைகளால் சொன்னாள். தையல்காரர் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் போய்ப் போய் வந்தன. என்னைப் பாருங்கள் என்றாள். அவர் குழம்பிப்போய்க் கைகளை உயர்த்தினார்.

ஒருவர் பேசுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் எனக்குப் புரியவில்லை.

நான் மட்டும்தான் பேசுகிறேன் என்றாள் அவள்.

வீட்டுக்குப் போகலாம் என்று நீ சொல்கிறாய். பின்னால் இருப்பவர் வேறு சொல்கிறார்.

முதுகில் சுவர். குளிர்ந்த சுவர். அவள் கைகளை அடுப்பு மேடைமேல் வைத்தாள். கவிழ்த்து, விரல்களை விரித்து, பலமாக அழுத்தி வைத்துக்கொண்டாள். என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும். கேட்கக் கைகள் வேண்டும். எடுக்கவில்லை.

தையல்காரரின் முகத்திலிருந்து குழப்பம் போயிற்று. இப்போது ஒருவர்தான் பேசுகிறார். அவர் கவனமாகப் பார்த்தார். தலையாட்டினார். எப்போது என்று கையால் கேட்டார். பதிலைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு விரல்களை விலக்கி, இன்னும் பார்த்தார்.

டாக்டர் திரைக்கு மறுபக்கம் நின்றிருந்தார், சைகையும் அறியாதவர். தான் சொன்னதுதான் போய்ச் சேர்கிறது என்று பொறுமையாகக் காத்திருந்தார்.

அவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். அவளுடைய முகத்தைக் காட்டும் சின்னக் கட்டம். அதில் அவள். சுவர். மேடைமேல் அவளுடைய இரண்டு கைகள், அசைவில்லாமல்.

அவளுடைய தோள்களின் இரு பக்கமும் சுவரிலிருந்து நீண்டு வந்து, மார்புக்கு முன்னால் கூடி, இன்னும் இரண்டு கைகள். நனைந்து வெளுத்த விரல்கள். அவசரமே இல்லாமல், தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக, அவை பேசிக்கொண்டிருந்தன.