இரண்டு அறையிலும் படம் வரவில்லை

அன்றைக்கு அவளுக்கு முன்னாலேயே மழை வீடு வந்து சேர்ந்திருந்தது. காற்றோடு மல்லுக்கட்டிக் குடையைப் பிடித்துக்கொண்டு, தெருத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி வாசலுக்கு வந்து, "அப்பாடா..." என்று மூச்சு விட்ட அதே நொடியில்... தொப்! கறுப்பாக, நீளமாக, நெளிந்துகொண்டே ஏதோ ஒன்று மொட்டைமாடியிலிருந்து அவள் குடை மேல் விழுந்தது.

"ஐயோ... பாம்பு! பாம்பு!"

குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறந்தன.

"பாம்பு இல்லைங்க... வயரு!"

நிமிர்ந்து பார்த்தாள். கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு முகம். நெற்றியில் ஒட்டிய ஈர முடி, இமையில் மழைத்துளி. சிரிக்கக் கூடாது என்று அந்தக் கண்கள் எவ்வளவோ முயன்றன... முடியவில்லை.

"கீழ ஆள் வர்றது கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"குடை தெரிஞ்சுதுங்க... குடைக்குள்ள இவ்வளவு கோபம் இருக்குன்னுதான் தெரியல!"

"கீழ இறங்கி வாங்க, பேசிக்கிறேன்!"

"வேலைய முடிச்சிட்டு நானே வந்து திட்டு வாங்கிக்கிறேங்க. அதுவரைக்கும் அந்த வயர் நுனிய மட்டும் ஜன்னல் வழியா உள்ள குடுத்துடறீங்களா?"

என்ன திமிர்! நனையட்டும், நன்றாக நனையட்டும் என்று மனசு சொன்னது. கை மட்டும் அவளைக் கேட்காமலேயே வயரை எடுத்து ஜன்னலுக்குள் நீட்டியது.

அந்த வயரை வரவழைத்தவளே அவள்தான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குத் தரப் பரிசோதகர் வேலை. ஒரு சட்டையில் ஒரே ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டிலும் அதே கண்தான், அதே தீர்ப்புதான். அதனால் அப்பா அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஜட்ஜம்மா'.

ஜட்ஜம்மாவாலும் தீர்க்க முடியாத வழக்கு ஒன்று அந்த வீட்டில் இருந்தது. மாலை ஏழு மணி ஆனால் போதும்... அப்பாவுக்கு நியூஸ், அம்மாவுக்கு சீரியல், நடுவில் ஒரு ரிமோட். வேலை முடிந்து அலுத்து வருகிறவளுக்குத் தலை கிறுகிறுக்கும். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். மாடியில் ஒரே டிஷ். ஹாலுக்கு ஒரு டிவி பெட்டி, அப்பா அறைக்கு ஒன்று, அம்மா அறைக்கு ஒன்று. அவரவர் அறை, அவரவர் சேனல். சண்டை தீர்ந்தது! சொன்னபோது அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் "ரொம்ப நல்லதும்மா..." என்றார்கள். அந்தக் குரலில் ஒரு தையல் விட்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

வழக்கமாக வருகிறவருக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு இந்த டிஷ்காரன் வந்திருந்தான். அவன் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா அவளை பேட்டரி வாங்கக் கடைக்கு அனுப்பினார். வாங்கி வந்தால், துணி மடிக்க வேண்டும் என்று அம்மா பின்கட்டுக்கு அனுப்பினாள். திரும்பி வந்து பார்த்தால்... அவன் திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றுகொண்டிருந்தான்.

"ஹால்ல வந்துடுச்சுங்க. மத்த ரெண்டு ரூம்லயும்தான்... வரல."

"ஏன் வரல?"

"அது... மழைங்க."

"ஹாலுக்கு மட்டும் வெயில் அடிக்குதா?"

அவன் காது சிவந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவன் என்று அவளுக்கு உடனே புரிந்தது. அதுவும் ஒரு அழகுதான் என்று தோன்றியது... சே, என்ன இது!

அடுத்த சனிக்கிழமை அவளே போன் செய்து வரவழைத்தாள். வானத்தில் ஒரு பொட்டு மழை இல்லை. அப்போதும் படம் வரவில்லை. அவன் கை கழுவப் போன நேரம் அப்பா அறைப் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள். வயர் திருகப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது! அம்மா அறைக்கு ஓடினாள். அங்கேயும் அப்படியே. இரண்டு விரலால் இரண்டு திருகு... தீர்ந்தது வேலை.

அவள் திருகவில்லை. இவன் மறுபடி மறுபடி வருவதற்குத்தான் இப்படிச் செய்கிறான்... யாருக்காக? இந்த வீட்டில் அப்பா, அம்மா, நான்! அவளுக்குக் கன்னம் சுட்டது. நேரே அடுப்படிக்குப் போய்த் தானே டீ போட்டாள்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குங்க..."

"பேசாம குடிங்க. சிக்னல் வரும்!"

அந்த வாரம் தொழிற்சாலையில் பொத்தானே இல்லாத இரண்டு சட்டைகள் அவள் மேசையைத் தாண்டிப் போயின. மேற்பார்வையாளர் அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

மூன்றாவது சனிக்கிழமை, யாரும் கூப்பிடாமலேயே வந்து நின்றான். டிஷ்ஷைப் பார்க்க வேண்டுமாம். "வாங்க, நானும் பார்க்கிறேன்" என்று அவளும் மாடி ஏறினாள். காற்று இதமாக வீசியது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தாள்.

"ரெண்டு ரூம்லயும் வயரக் கழட்டி வெச்சது நீங்கதானே?"

அவன் திடுக்கிட்டான். "ஆ... ஆமாங்க."

"வேணும்னேதானே?"

"வேணும்னேதான்..."

"எதுக்கு?" என்றாள். குரல் குழைந்து, பாதிதான் வெளியே வந்தது. பதிலை ஒரு வாரமாக அவளே எழுதி வைத்திருந்தாள். அவன் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"அத சொல்ல முடியாதுங்க. வாக்கு குடுத்திருக்கேன். ஆனா நீங்க என்னத் தப்பானவன்னு நினைச்சுடாதீங்க... சத்தியமா உங்களுக்காக இல்லைங்க."

'வாக்கு' என்ற சொல் அவள் காதில் ஏறவே இல்லை. 'உங்களுக்காக இல்லை' மட்டும் ஏறியது. ஏறி, உள்ளே போய், சுருக்கென்று குத்தியது.

"எனக்காகன்னு யாரு சொன்னா? பெரிய இவரு!" என்று படபடவென்று படி இறங்கினாள். இறங்கின வேகத்தில் கம்பெனிக்குப் போன் போட்டாள். வேண்டுமென்றே இணைப்பைக் கழற்றி வைத்து வீட்டுக்கு வந்து வந்து போகிறார், ஆளை மாற்றுங்கள்... புகார் பதிவானது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறொருவர் வந்தார். பத்தே நிமிடம்... இரண்டு அறையிலும் பளிச்சென்று படம்!

"முன்னாடி வந்தவரு...?" என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"புகார் வந்துச்சாம் மேடம். திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு வேற ஊர்ல வேலை. நாளைதான் இங்க கடைசி."

"ஓ... நல்லது" என்றாள். நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது.

மணி ஏழு. அப்பா அவர் அறையில், அம்மா அவள் அறையில். வீடு கப்சிப். இந்த அமைதிக்குத்தானே இவ்வளவு பாடு? ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். மூக்கிலேயே இருந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டு அம்மா வந்தாள். நான்காவது முறை இருவரும் ஹாலில் மோதிக்கொண்டபோது அப்பா பொத்தென்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தத் தம்பி வேற ஆள அனுப்பி இப்படிக் கவுத்துட்டானே! உன் ரூம்ல மட்டும் படம் வராம பார்த்துக்கோன்னு அவ்வளவு சொல்லியிருந்தேன்!"

அம்மா வாயைப் பிளந்தாள். "என்னங்க சொல்றீங்க... உங்க ரூம்ல வராம பார்த்துக்கன்னு நானும்ல சொல்லியிருந்தேன்!"

"என் ரூம்லயா? எதுக்குடி?"

"அப்பத்தானே நீங்க ஹாலுக்கு வருவீங்க! 'இப்ப பாரு, மாமியார்காரி விஷம் வைப்பா'ன்னு முன்னாலயே சொல்லிக் கெடுக்க ஆள் இல்லாம, நான் எப்படி சீரியல் பார்க்கிறது?"

"எனக்கு மட்டும்? நியூஸ்ல கத்துறவங்களத் திட்ட நீ பக்கத்துல வேணாமா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். ஜட்ஜம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீ எவ்வளவு ஆசையா ஏற்பாடு பண்ணே... உன் முகம் வாடிட்டா? அந்தத் தம்பியும் 'உங்க பொண்ணுக்குத் தெரியாம பார்த்துக்கிறேன்'னு வாக்கு குடுத்துச்சு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளம் இரண்டு பக்கமும் அடி வாங்கியும் வாயைத் திறக்கவில்லை. அவனைத்தான் அவள் ஊரை விட்டே துரத்தியிருக்கிறாள்! நாளை ஒரு நாள்தான் மிச்சம். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை கம்பெனி அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றாள்.

"புகாரா? இந்தத் தாள்ல எழுதுங்க" என்றார் மேசையில் இருந்த அம்மாள்.

"இல்ல மேடம்... குடுத்த புகார வாபஸ் வாங்கணும்."

"வாபஸா?" அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் கேக்குறேன். சரி, காரணத்த எழுதுங்க."

'தவறு அவருடையது அல்ல. என்னுடையது' என்று எழுதினாள். படித்துவிட்டு அந்த அம்மாள் மெல்லச் சிரித்தார். "மேனேஜர்கிட்ட நானே சொல்றேன், மாற்றத்த நிறுத்திடுவாரு. ரெண்டு தெரு தள்ளி பச்சை கேட் வீட்டுலதான் இன்னிக்கு அவருக்கு வேலை. மாடியில இருப்பாரு, போங்க."

"நான் கேக்கவே இல்லையே..."

"முகமே கேக்குதே!"

தூறல் போட ஆரம்பித்திருந்தது. மூச்சு வாங்க மாடி ஏறினாள். அவன் இரண்டு கையாலும் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டிருந்தான். கீழிருந்து வீட்டுக்காரர், "வருது... வருது... அப்படியே பிடிங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இங்கயும் தப்பு கண்டுபிடிக்க வந்தீங்களா?" என்றான், ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துவிட்டு, திரும்பாமலே.

"ஆமா. என் தப்ப." ஒரு அடி முன்னால் வந்தாள். "அப்பா, அம்மா ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. என்னை மன்னிச்சிடுங்க... புகார வாபஸ் வாங்கிட்டேன். நீங்க எங்கயும் போக வேண்டாம்."

"என்னது?" விருட்டென்று திரும்பினான். டிஷ்ஷும் கூடவே திரும்பியது.

"போச்சு தம்பி! சுத்தமா போச்சு!" என்று கீழே ஒரே கூப்பாடு.

"அசையாம பிடிங்க, நான் திருகுறேன்!" ஸ்பேனரை எடுத்து அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். மழைத்துளி தங்கிய அந்த இமைகள் இப்போது ஒரு சாண் தூரத்தில். நட்டை முறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "முதல் தடவை வேலைக்கு வந்தீங்க. ரெண்டாவது தடவை நான் கூப்பிட்டேன். மூணாவது தடவை யாருமே கூப்பிடல... எதுக்கு வந்தீங்க?"

அவன் காது மெல்ல மெல்லச் சிவந்தது.

"அது... உங்களுக்காகத்தாங்க."

ஸ்பேனர் நின்றுவிட்டது.

"வயரக் கழட்டினது அவங்களுக்காக. ஆனா மூணாவது தடவை, உங்களப் பார்க்கத்தான் வந்தேன். அத அன்னிக்கே சொல்லியிருக்கணும். தைரியம் வரல... நீங்க அழுத மாதிரி இறங்கிப் போனீங்க பாருங்க, இந்த ஒரு வாரமா எனக்கு ஊரு மாறுறதுகூடப் பெருசாத் தெரியல. அதுதான் வலிச்சுது."

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் வழிந்தது மழையா, கண்ணீரா... அவளுக்கே தெரியவில்லை.

"அந்த வயர் தொங்குனத நான் ரெண்டாவது தடவையே பார்த்துட்டேன். நானே திருகியிருக்கலாம். திருகல. சரியாயிடுச்சுன்னா நீங்க வரமாட்டீங்களே! எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு... போதுமா?"

"போதாதுங்க. இன்னொரு தடவை சொல்லுங்க..."

"பிடிச்சிருக்கு!"

கீழிருந்து வீட்டுக்காரர் ஏதோ கத்தினார். இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமா? வேலைக்கு இல்ல... அப்பா அம்மாகிட்ட பேச. ஏழு மணிக்கு?"

"ஏழு மணிக்கு வேண்டாம். ரெண்டு பேரும் ரிமோட்டுக்குச் சண்டை போட்டுட்டு இருப்பாங்க."

"அப்போ ஆறரை?"

"ஆறுக்கே வாங்க..." என்றவள், ஒரு நொடி யோசித்தாள். "இல்ல... இங்க வேலை முடியட்டும், கூடவே வாங்க. நான் இங்கயே இருக்கேன்."