பச்சை ஒட்டிய பாட்டில்

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். அன்றைக்குக் காதும் சேர்ந்து சிவந்தது. எல்லாம் மாமாவால்தான்!

என் தம்பிக்குப் பால் ஆகாது. பால், தயிர், வெண்ணெய், எது ஒரு சொட்டு உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சுத் திணறும். போன வருடம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதனால் கடையிலிருந்து வரும் ஒவ்வொரு பாட்டிலிலும் பொடி எழுத்தைப் படிப்பது என் வேலை. பால் கலக்காதது என்றால் பச்சைக் காகிதம் ஒட்டுவேன். கலந்தது என்றால் சிவப்பு. தம்பிக்கு இன்னும் எழுத்து தெரியாது, நிறம் தெரியும்.

அன்று மதியம் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அம்மாவின் தம்பிதான் மாமா. அவர்தான் சமையல். வெள்ளரி, கேரட், தக்காளி எல்லாம் நறுக்கித் தட்டில் வைத்தார். தம்பி ஃப்ரிட்ஜிலிருந்து பச்சை ஒட்டிய சாலட் டிரெஸ்ஸிங் பாட்டிலை எடுத்து வந்து, மூடியைத் திறந்து காய்மேல் கவிழ்க்கப் போனான்.

"டேய், நில்லு!" பாய்ந்து பிடுங்கினேன். அவன் ஓவென்று அழுதான்.

"ஏம்மா பிள்ளையை அழ வைக்கிற? பச்சை ஒட்டியிருக்கே, நீ ஒட்டினதுதானே?" என்றார் மாமா.

"நான் ஒட்டினதுதான். ஆனா நேத்து அடியில ரெண்டு விரல் அளவுதான் இருந்துச்சு. இன்னைக்குக் கழுத்து வரைக்கும் இருக்கு. குட்டி போட்டுச்சா?"

மாமா தலையைச் சொறிந்தார். "காலையில புதுசு ஒண்ணு வாங்கினேன். ரெண்டு பாட்டில் எதுக்கு இடத்தை அடைக்கணும்னு இதுலயே ஊத்திட்டேன்."

"அந்தப் பாட்டில் எங்கே?"

குப்பைக்கூடையைக் காட்டினார். கையை விட்டுத் துழாவி எடுத்து, சத்தமாகப் படித்தேன். "எண்ணெய், சர்க்கரை, பூண்டு, மோர்ப் பொடி!"

"முன்பக்கம் சைவம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சேம்மா..."

"பாலும் சைவம்தான் மாமா! இவனுக்கு மூச்சு நின்னு போயிருந்தா என்ன பண்ணுவீங்க?" கத்தும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமாவின் முகம் சுருங்கிப்போனது. "தப்புதான்மா" என்று மெல்லச் சொன்னார். பச்சை ஒட்டிய பாட்டிலை வாங்கிக் குப்பையில் போட்டார்.

தம்பி தட்டில் இருந்த வெறும் காய்களைப் பார்த்து விசும்பினான். நான் கையைக் கழுவிக்கொண்டு, காலி ஜாம் பாட்டிலில் எலுமிச்சைச் சாறு, எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் போட்டு மூடி அவனிடம் கொடுத்தேன். "குலுக்குடா!" பாட்டிலோடு சேர்ந்து அவனும் குலுங்கினான். காய்மேல் ஊற்றி, ஒரு துண்டு விடாமல் தின்றான்.

மாமா ஃப்ரிட்ஜில் இருந்த அத்தனை பாட்டிலையும் கண்ணருகே வைத்துப் படித்தார். "இந்த எழுத்தை எறும்புதான் எழுதியிருக்கும்!" என்றார். நான் சிரிக்கவில்லை. என் கோபம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

தம்பி என் காகிதப் பெட்டியைத் தூக்கி வந்தான். "அக்கா, மாமாவுக்கு என்ன நிறம்?"

"சிவப்பு!" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் நாற்காலியில் ஏறி, மாமாவின் சட்டைப்பையில் ஒட்டினான்.

சாயங்காலம் அம்மா வந்தாள். "என்னடா இது, சட்டையில?"

மாமா அதைத் தடவி இன்னும் அழுத்தி ஒட்டினார். "கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்க்கா."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.