நிர்மலாவின் லேப்டாப்

சங்கராபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த அந்தக் கடைக்குள் அரங்கநாதன் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பைக்குள்ளிருந்து பழைய லேப்டாப் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். அவன் மனைவி நிர்மலாவுக்குப் பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. நிர்மலா இப்போது இல்லை.

"இதுல ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. எங்க வூட்ல தவறிட்டா. நாளைக்குக் காரியம். சுமங்கலியா போனவளுக்கு தாலியோட இருக்கிற படம் வெச்சிதான் படைக்கணும்னு அவ தம்பி ஒத்தக்கால்ல நிக்கிறான்."

"போன்ல இல்லீங்களா?" என்றான் கடைக்காரன் ஆல்பின்.

"போன் உடைஞ்சிடுச்சி."

உடையவில்லை, உடைத்தான். கல்யாண ஆல்பத்தையும் அவனே அடுப்பில் போட்டான். எந்தப் படத்தில் பார்த்தாலும் அவள் கண் அவனையே பார்த்தது. பெரிய கெட்டிக்காரன் அரங்கநாதன். முகத்தையெல்லாம் எரித்தவனுக்குத் தோளில் கிடந்த காவித் துண்டை எரிக்க மட்டும் மனம் வரவில்லை. பீடி நெருப்பு பட்டு ஓட்டை விழுந்திருந்தாலும் நல்ல துண்டு.

ஆல்பின் லேப்டாப்பை ஆன் பண்ணினான். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

டக். டக். டக்.

கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடியும்.

"ஹார்ட் டிஸ்க் போய்க்கினு இருக்குதுங்க. சாவப்போற டிஸ்க் இப்படித்தான் தட்டும்," என்றான் ஆல்பின். "ஜாஸ்தி நேரம் கரண்டு குடுத்தா ஒண்ணுமே தேறாது."

இந்தத் தட்டலை அரங்கநாதன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான்.

கல்வராயன் மலையடிவாரத்தில், மரவள்ளிக் கொல்லையில் இருக்கிறது அவன் மோட்டார் கொட்டகை. எங்கம்மா வூட்டுக்கே போறேன் என்றவளை அதற்குள் தள்ளித் தகரக் கதவைச் சாத்தினான். பூட்டு இல்லை. தாழ்ப்பாளைத் துண்டால் இறுக்கி முடிந்தான். தரையில் தண்ணீர் நிற்பதும் ஒயர் உரிந்து கிடப்பதும் அவனுக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். சத்தம் நின்ற பிறகுதான் எழுந்து போய்த் துண்டை அவிழ்த்தான். மோட்டார் போடப் போனவளை ஷாக் அடித்துவிட்டது என்று ஊரைக் கூட்டி மாரில் அடித்துக்கொண்டு அழுதான். படுபாவி, அழுகையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆல்பின் டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். எல்லாப் படமும் பாழாகி, ஒன்றே ஒன்று திறந்தது. நீலப் புடவையில், கழுத்தில் தாலியோடு நிர்மலா சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அதே தகரக் கதவு.

அரங்கநாதன் திரைக்கருகே குனிந்து பார்த்தான். தாழ்ப்பாள் வெறுமனே இருந்தது. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"பின்னாடி கொட்டகை வேணாம்."

"அத வெட்டிடுறேங்க. வெளக்கு, மாலை வெச்சி பேனரா அடிச்சிக் குடுத்துடுறேன்."

படத்தைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, ஆல்பின் ஒயரைப் பிடுங்கி டிஸ்கை மேசைமேல் வைத்தான்.

டக். டக். டக்.

"இன்னாங்க இது..." அவன் குரல் இறங்கிவிட்டது. "கரண்டே இல்லையே."

அரங்கநாதன் டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டான். போகிற வழியில் அதைக் கொட்டகைக் கிணற்றில் வீசினான். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்ட பிறகே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் களமருதூரிலிருந்து நிர்மலாவின் தாய்வீட்டுச் சனம் வந்து இறங்கியது. ஆல்பின் கடையிலிருந்து சுருட்டி வந்திருந்த பேனரைத் தம்பி ஜீவாதான் பிரித்துப் பந்தல் முகப்பில் கட்டினான்.

சனம் அண்ணாந்து பார்த்தது.

மாலை இல்லை. விளக்கு இல்லை. வெட்டிப் போட்ட கொட்டகை முழுசாகத் திரும்பி வந்திருந்தது. நிர்மலா சிரிக்கவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள். தாழ்ப்பாளில் முடிந்த காவித் துண்டு. துண்டில் ஒரு ஓட்டை.

ஜீவா பேனரைப் பார்த்தான். பிறகு அரங்கநாதனின் தோளைப் பார்த்தான்.

"மாமா, உங்க துண்டு ஏன் அங்க கட்டியிருக்குது?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பேனரே உள்ளேயிருந்து யாரோ இடிப்பதுபோல அதிர்ந்தது. காற்றே இல்லை.

"தொறந்துட்டேன்டி!" என்று அலறினான் அரங்கநாதன். "தட்டாத! அப்புறமா தொறந்துட்டேன் இல்ல!"

மாமியார் ஆயம்மாள் மெதுவாக எழுந்து வந்தாள்.

"எம்பொண்ணு தட்டினாளா? நீ கேட்டுக்கினு குந்தியிருந்தியா?"

சனம் அடித்த அடியில் அவன் பிழைத்ததே பெரிது. உச்சிவெயில் நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு அவன் துண்டை உருவி மேசைமேல் போட்டார். அவன் சட்டைப் பையில் கைவிட்டவர் முகம் சுளித்தார்.

"இன்னாயா இது? ஈரமா கீது."

ஹார்ட் டிஸ்க். பாசி ஒட்டி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதையும் மேசைமேல் போட்டு, அவனை உள்ளே தள்ளி, கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு ஏட்டு டீ குடிக்க வாசலுக்குப் போனார்.

முதலில் ஒயர் கருகும் வாசனை வந்தது.

பிறகு உள்ளங்கால் சில்லிட்டது. காய்ந்து கிடந்த தரையில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

மேசைமேல் டிஸ்க் தட்டியது.

டக். டக். டக்.

"சார்! கதவத் தொறங்க சார்!" அவன் கம்பியை இரண்டு கையாலும் அடித்தான். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஏட்டு திரும்பியே பார்க்கவில்லை. தண்ணீர் கணுக்கால் வரைக்கும் வந்துவிட்டது. அரங்கநாதன் அடித்தான், கத்தினான், அழுதான். இந்த முறை நிஜமாகவே அழுதான்.

கம்பிக்கு வெளியே கையை விட்டுப் பூட்டைத் துழாவினான். பூட்டு அகப்படவில்லை. துணி அகப்பட்டது. இறுக்கி முடிந்த ஈரத் துணி.

முடிச்சைத் தேடிய விரல் ஒரு ஓட்டைக்குள் நுழைந்தது.