திற்பரப்பில் தொலைந்த மோதிரம்

1934, புரட்டாசி. காலை பத்து மணி. திற்பரப்பு அருவியில் குளித்துக் கரையேறிய தேவகனி, பாறைமேல் வைத்திருந்த துணியின் முடிச்சை அவிழ்த்தாள். மகன் ஜான்ரோஸின் வெள்ளி மோதிரத்தைக் காணோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலில் செத்து, அங்கேயே புதைக்கப்பட்ட பிள்ளை. ஊர் திரும்பியது அந்த மோதிரம் மட்டும்தான். அவள் போட்ட ஓலத்தில், உடன் வந்திருந்த கிறிஸ்தவச் சபைக் கூட்டம் மொத்தமும் ஓடி வந்தது.

சாமான்களுக்குக் காவல் இருந்தவன், காட்டுக்கு வழிகாட்ட வந்த மலைவாசி மல்லன் காணி. போதாதா? சபைக்காரர்கள் அவன் கையைக் கட்டிவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் அவன் தோல் உரிந்துவிடும் என்பது ஏட்டு வைகுண்டராஜனுக்குத் தெரியாதா என்ன? லீவில் ஆற்றையும் கோயிலையும் பார்க்க வந்த மனுஷரைத் தொழில் விடவில்லை.

"எடுத்தியாலே?"

"இல்ல ஏமானே. வெறகு பொறுக்கப் போயிருந்தேன். யாரோ கை தட்டினாவ. ஒடனே காக்கா எறங்கிச்சு."

"தட்டினது நான்தான், கொரங்கை வெரட்ட" என்றார் தேவகனியின் கணவர், உபதேசியார் ஞானதாசன்.

ஏட்டு ஆற்றோரமாக நடந்தார். பாறையில் காக்கைகள் வெள்ளைச் சோறு கொத்தின. சோற்றில் கறுப்பு எள். கூட்டத்தில் எல்லாரும் கட்டி வந்ததோ புளிச்சோறு. திரும்பி வந்து முதலில் மல்லனின் கட்டை அவிழ்த்தார். பிறகு அவனோடு உபதேசியாரையும் தனியே அழைத்தார். தேவகனியும் விடாமல் பின்னாலேயே வந்தாள்.

"ஓய், திருடன் முடிச்சைத் திரும்பப் போட்டு வச்சிட்டா போவான்? கை தட்டினா காக்கா பறக்கணும். இங்க எறங்கியிருக்கு. செத்தவங்களுக்கு வைக்கிற பலிச்சோறு வச்சு, நனஞ்ச கையைத் தட்டிக் காக்காயைக் கூப்பிட்டிருக்கீரு. கரைக்க எலும்பில்ல. மோதிரத்தை ஆத்துல விட்டீரு. சரிதானா?"

முப்பது வருஷமாகப் பலி கூடாது என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த மனிதர் தலை குனிந்தார்.

"வேதத்துல சேருமுன்னே எங்கப்பனுக்குச் செஞ்சது கைக்கு மறக்கல்ல. பிள்ளை கண்காணாத எடத்துல பட்டினியா கெடக்கானோன்னு… சபைக்குப் பயந்து வாயைத் தொறக்கல்ல. மல்லா, பொறுத்துக்க."

மோதிரத்துக்காக அவள் சீறுவாள் என்று ஏட்டு பயந்தார். அவள் சீறத்தான் செய்தாள்.

"பெத்தவ நானில்லியா? என்னை ஏன் கூப்பிடல்ல?"

"நீ அழுவியேன்னுதான்."

"நீங்க மட்டும் தனியா நின்னு அழலாமோ?" அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த எடம்? காட்டுங்க."

"மோதிரம் ஆத்தோட போச்சு. யாரும் எடுக்கல்ல!" என்று கூட்டத்திடம் அறிவித்துவிட்டு, ஏட்டு எல்லாரையும் கோயில் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். கிழவனும் கிழவியும் மகனை வழியனுப்ப ஆற்றில் இறங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை.